எண்ணெய் எதுவும் தேய்ப்பதில்லை

"என்ன எண்ணெய்ங்க தேய்க்கிறீங்க?" குதிரை வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழகிப்போயிருக்கும். என் செவலையை வாய்க்கால் கரையில் புல்லுக்குக் கட்டியிருந்தால் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்கிறார்கள். கோயில் ஊர்வலத்தில் கேட்கிறார்கள். யாரிடமோ நம்பர் வாங்கி வாட்ஸப்பில் கேட்கிறார்கள். எண்ணெய் எதுவும் தேய்ப்பதில்லை என்று உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "சரி, சொல்ல வேண்டாம் விடுங்க" என்று வருத்தத்தோடு போய்விடுகிறார்கள். ரொம்ப நாளாக இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. குதிரையின் மேனி மினுங்க வேண்டுமென்றால் மேலே எதையாவது பூச வேண்டும் என்கிற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நினைப்பு நம் ஊர்க் குதிரைகளுக்கு நிறையக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். காலையில் போனால் வரிசை வரிசையாகக் கட்டியிருக்கும் குதிரைகளில் பாதி கண்ணைப் பறிக்கும். கிட்டப் போய்க் கையை வைத்தால் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டும். தேங்காயெண்ணெய், கடுகெண்ணெய், அவரவர் வசதிக்கு ஏற்றது. வெயில் ஏற ஏறப் புதுப்பாளையத்துப் புழுதி மொத்தமும் அந்த முதுகுகளில் படிந்துவிடும். மதியத்துக்கு மேல் அதே குதிரையைப் பார்த்தால் காலையில் பார்த்ததா என்று சந்தேகம் வரும். வாங்க வருகிறவர்களும் இதெல்லாம் தெரியாதவர்கள் இல்லை. பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறார்கள், நடக்க விட்டுக் கால் பார்க்கிறார்கள், முக்கியமாக ரோமச் சுழி பார்க்கிறார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், அடிவயிற்றில் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடுகிறார்கள். சுழி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் சுழிக்காக ரோமத்தை அவ்வளவு கூர்ந்து பார்க்கிற கண், அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும் என்று ஒவ்வொரு சந்தையிலும் நினைத்துக்கொள்கிறேன். ரோமம் தோலோடு படுத்திருக்கிறதா, எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டால் தானே திரும்பிப் படுக்கிறதா, விலா எலும்பின் மேல் தோலை இரண்டு விரலால் பிடித்தால் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா, இல்லை எலும்போடு ஒட்டினாற்போல் இறுகிக் கிடக்கிறதா. எண்ணெய் பூசி இதையெல்லாம் மறைக்க முடியாது.

லத்தியில் கிடந்த கொள்ளு

செவலை எங்களிடம் வந்தபோது அவள் நிறம் செவலை என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குஜராத்துக் கத்தியவாடி இனக் கலப்பு. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், அந்தக் காதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வயது பன்னிரண்டுக்கு மேல் இருக்கும். ரோமம் எல்லாத் திசையிலும் நின்றுகொண்டிருந்தது, பிடரிக்கு அடியில் பொடுகு, முதுகெலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் தொங்கியது. வந்து பார்த்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, வேப்பெண்ணெய் போடு, தினம் முட்டை கொடு, கொள்ளை இன்னும் ஒரு படி கூட்டு. தீனியில் குறை ஒன்றும் இருக்கவில்லை. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, தவிடு, பசும்புல், எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது. மேனியில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு பாய் இருக்கிறார், சின்ன வயசில் ஜட்கா வண்டி ஓட்டியவர். வண்டிகள் போன பிறகும் குதிரையை விடாதவர். அவரை வரச்சொல்லிக் காட்டினேன். வந்தவர் குதிரையிடம் போகவே இல்லை. நேராக லாயத்துக்குப் பின்னால் போய், அன்று காலை விழுந்திருந்த லத்தியின், அதாவது சாணத்தின், முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே முழுக் கொள்ளு. ஒன்றிரண்டு இல்லை, பிட்ட இடமெல்லாம் தோல்கூட உரியாமல் அப்படியே இருந்தது. புல் துண்டுகள் கட்டைவிரல் நீளத்துக்கு நார்நாராக வந்தன. நல்லா மென்று தின்ற குதிரையின் லத்தியில் நார் சின்னச் சின்னதாக இருக்கும். அதை என் கையில் வைத்துவிட்டு, "இது தின்னது இல்ல தம்பி, முழுங்குனது" என்றார். அப்புறம்தான் குதிரையிடம் போனார். வாயைத் திறக்கக்கூட இல்லை, கன்னத்துக்கு வெளியில் இருந்தே கடைவாய்ப் பல் வரிசை மேல் விரலை அழுத்தினார். செவலை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஊசி மாதிரி குத்துது உள்ள. டாக்டர்கிட்டச் சொல்லி ராவிவிடுங்க. மேனியை அப்புறம் பேசிக்கலாம்." டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

குதிரைக்குப் பல் தேய்ந்துகொண்டே இருக்கும், ஈறுக்குள்ளிருந்து வளர்ந்துகொண்டும் இருக்கும், வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போது மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் சரியாகத் தேயாமல் கூராக நின்றுவிடும். மேலே உள்ளது கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். நாள் பூராவும் மேய்கிற குதிரைக்கு இது மெதுவாக வரும். நார் கம்மியாகவும் தானியம் அதிகமாகவும் தின்கிற நம் கட்டுத்தறிக் குதிரைகளுக்குச் சீக்கிரம் வரும். கால்நடை மருத்துவர் வந்து மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்து வைக்கும் இரும்புக் கருவியை மாட்டி, நீண்ட அரத்தால் அந்த ஓரங்களை ராவினார். கன்னத்தின் உட்புறம் பழைய தழும்பின் மேல் புதுப்புண் இருந்தது. அவ்வளவு வலியோடுதான் அவள் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். எங்களிடம் வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் அப்படித் தின்றாளோ.

முதலில் மாறியது லத்தி. நார் பொடியாகிவிட்டது, முழுக் கொள்ளு காணாமல் போனது. அடுத்தது முதுகில் சதை. மேனி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மாறியது, அதுவும் பழைய ரோமம் உதிர்ந்து புதுசு வந்த பிறகு. இடைப்பட்ட அந்த மாதங்களில் வந்தவர்கள் எல்லாரும் எண்ணெய் தேய்க்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ரோமம் சொல்வது பழைய கதை

தோலுக்கு வெளியே வந்துவிட்ட ரோமத்துக்கு உயிர் கிடையாது. அது உருவான நாளில் உடம்புக்குள் என்ன இருந்ததோ அதைக்கொண்டு செய்யப்பட்டது, அதற்குப் பிறகு அதை யாரும் திருத்த முடியாது. நீங்கள் இன்று கொடுக்கும் தீனி ரோமத்தில் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். முழுசாகத் தெரிவது அடுத்த தடவை ரோமம் மாற்றும்போதுதான். குளம்பும் அதே கெரட்டின் புரதத்தால் ஆனதுதான். மாதத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. காய்ச்சலோ பட்டினியோ வந்த மாதம் குளம்பில் வளையமாகப் பதிந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதனால் குதிரை வாங்கும்போது ரோமத்தோடு சேர்த்துக் குளம்பையும் படிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு டானிக் மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எது வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை, ஏனென்றால் இன்று நீங்கள் பார்க்கும் பளபளப்பு இரண்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்த தீனியுடையது.

பளபளப்பு என்பதும் இரண்டே விஷயம்தான். ரோமத்தின் மேல் செதில்கள் சேதமில்லாமல் படிந்து, ஒவ்வொரு ரோமமும் ஒரே திசையில் படுத்திருந்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் மெல்லிய கொழுப்பைக் கசியவிட்டு அந்தச் செதில்களைக் காக்கும். இரண்டும் உள்ளே இருந்து வருவது. துர்க்மெனிஸ்தானின் அகால்-தெக்கே குதிரைகளின் வீடியோவை அனுப்பி, இந்தத் தங்க நிறம் வருமா என்று கேட்கிறார்கள். வராது. அந்த இனத்தின் ரோமத்தில் நடுத்தண்டு ரொம்ப ஒல்லி, ஒளி ஊடுருவும் பகுதி அதிகம், அதனால் உலோகம் மாதிரி மின்னுகிறது. அது பிறப்பு. நம் கத்தியவாடியும் மார்வாடியும் நாட்டு மட்டக்குதிரையும் அவற்றுக்கு உள்ள மினுமினுப்போடு இருந்தால் போதும், அதுவே பெரிய அழகு.

தீனி விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் பேச நிறைய இருக்கிறது. ரோமத்தில் மிகப் பெரும் பங்கு புரதம், அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். கொள்ளில் புரதம் 22 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, பச்சையாகக் கொடுத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. நம் ஆட்கள் வேகவைத்துக் கொடுக்கும் பழக்கம் ரொம்பச் சரியானது. ஆனால் எந்தப் பயறும் போலக் கொள்ளிலும் அந்தக் கந்தக அமினோ அமிலம் குறைவுதான். கொள்ளை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதால் அது சரியாகாது. ஓட்ஸோ பார்லியோ கொஞ்சம் கலந்து, புதுசாக ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கு ஒரு கைப்பிடி சேர்த்தால் அந்தக் குறை தீரும். கடலைப் புண்ணாக்கை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதில் ஊறும் நஞ்சு கல்லீரலைக் காலி செய்துவிடும்.

தவிடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரைக்குத் தவிடு நல்லது என்று ஒரு பக்கெட் நிறையப் போடுகிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நாள்கணக்கில் அப்படியே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும், முக எலும்பு வீங்கும், நடை விழும். மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இது வந்ததால் ஐரோப்பாவில் இதற்கு மில்காரர் நோய் என்றே பெயர். நம் பக்கத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாட்டுக்காகப் போட்டிருக்கும் கம்பு நேப்பியர் புல்லிலும், மேட்டாங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும், குதிரையின் குடலில் அது கால்சியத்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். நேப்பியரும் தவிடும் மட்டுமே தின்கிற குதிரை கொழுகொழுவென்று இருந்துகொண்டே உள்ளே தேய்ந்துகொண்டிருக்கலாம். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் இதற்கு நல்ல மாற்று. கால்சியமும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது, பச்சையாக இருந்தால் ரோமத்துக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பும் இருக்கிறது. வயலோரத்தில் நாலு பாத்தி போட்டாலே ஒரு குதிரைக்குத் தினம் ஒரு கட்டு கிடைக்கும். அருகம்புல் தாராளமாகக் கொடுக்கலாம்.

எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்வது மேலே பூசுவதைத்தான். உள்ளே கொடுக்கலாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, பித்தநீர் சேர்ந்திருந்து கொட்டுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே நாளில் ஒரு டம்ளர் ஊற்றினால் கழிச்சல்தான் மிச்சம். ஒரு ஸ்பூனில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். தவிட்டெண்ணெய் சத்துக்கும் எடைக்கும் நல்லது, ஆனால் மேனிக்கு என்று கேட்டால் ஆளிவிதையைத்தான் சொல்வேன். முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே வரும், அன்றன்றைக்கு அரைத்துப் போட வேண்டும், அரைத்து நாள்கணக்கில் வைத்தால் காறிவிடும். பழைய ஆட்கள் வேகவைத்துக் கஞ்சியாகக் கொடுப்பார்கள், அதுவும் நல்ல பழக்கம்.

கல்லுப்பு தினம் ஒரு கைப்பிடிக்குக் குறைவாக, சுமார் 30 கிராம். தாது உப்பு வாங்கும்போது மட்டும் ரொம்பக் கவனம். தாமிரமும் துத்தநாகமும் குறைந்தால் கருப்புக் குதிரையின் ரோம நுனி துருப்பிடித்த நிறத்துக்கு மாறும், அதனால் தாது உப்பு தேவைதான். ஆனால் மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதையும் குதிரைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். மாடு தாங்கும், கோழி தாங்கும், குதிரையின் இதயத் தசையை அது அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. இந்த ஒரு பத்தியை மட்டும் யாராவது படித்து நினைவில் வைத்துக்கொண்டால்கூட எனக்குத் திருப்தி.

பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருஷா வருஷம் கடல்வழியாக வரவழைத்தார்கள் என்றும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். சோற்றையும் கறியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் அவ்வளவு தங்கம் கொட்டி வாங்கிய குதிரை தீனி தெரியாமல் செத்தது என்று படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பாஷாணம் கொடுத்த பளபளப்பு

மேனிக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது, உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் அதை நூறு வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். 1786இல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு திரவ மருந்தை வெளியிட்டார், வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் விஷத்தை, பொட்டாஷில் கரைத்தது, ஒரு சதவீதம். மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து. அது மெல்ல லாயங்களுக்குள்ளும் வந்தது. சொட்டுச் சொட்டாகத் தீனியில் கலந்தால் பசி எடுக்கும், ரோமம் மின்னும் என்று பந்தயக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஃபார் லாப் என்ற குதிரையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஓடி 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது. 1932 மார்ச்சில் மெக்சிகோவில் ஒரு பெரிய பந்தயத்தை வென்றது, ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் துடிதுடித்துச் செத்தது. காரணம் என்னவென்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 2006இல் அதன் பிடரி ரோமத்தில் சிலவற்றை எடுத்து அதிநவீன எக்ஸ்ரே ஒளியில் ஆராய்ந்தார்கள். சாவதற்கு முந்தைய 30 முதல் 40 மணி நேரத்துக்குள் பெரிய அளவில் பாஷாணம் உள்ளே போயிருக்கிறது என்று அந்த ரோமத்தின் அடிப்பகுதி காட்டியது. யாராவது விஷம் வைத்தார்களா, டானிக் அளவு தவறியதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதன் பயிற்சியாளர் கைப்பட எழுதிய டானிக் குறிப்புப் புத்தகத்தில் பாஷாணமும் எட்டிச்சத்தும் இருக்கின்றன. பதப்படுத்திய அதன் தோலை மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தாலே அந்தச் செந்நிறம் மின்னுகிறது. எனக்கு அந்தப் படத்தை அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

பாஷாணம் கொடுக்கும் அந்தப் பழக்கம் இன்று பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் லேபிளில் என்ன இருக்கிறது என்றே எழுதாத 'ஷைன் பவுடர்' பாக்கெட்டுகளைச் சந்தையில் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. செலீனியம் ரோமத்துக்கு நல்லது என்று இரண்டு மூன்று பொடிகளை ஒன்றாகக் கொடுத்தால் அளவு மீறும், அளவு மீறினால் பிடரியும் வாலும் கொட்டி, குளம்பு வெடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

கை வேலை

சத்து உள்ளே போய்விட்டால் மிச்சம் கையில் இருக்கிறது. தினமும், அதுவும் முடிந்தால் ஓட்டிவிட்டு வந்து தோல் சூடாக இருக்கும்போது தேய்ப்பது நல்லது. முதலில் ரப்பர் சீப்பு, கழுத்திலிருந்து ஆரம்பித்துத் தோள், முதுகு, விலா, தொடை என்று வட்டம் வட்டமாக. சதை இருக்கிற இடத்தில் மட்டும்தான், முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் அது படக்கூடாது. உதிர்ந்த ரோமமும் பொடுகும் மேலே எழும்பி நிற்கும். அடுத்து முரட்டு பிரஷ், அதைத் தடவக்கூடாது, மணிக்கட்டைச் சொடுக்கித் தூசியை வெளியே தட்ட வேண்டும். கடைசியில் மென்மையான பிரஷ், இதில்தான் வேலை இருக்கிறது. ஒரு கை தூரம் தள்ளி நின்று, உடம்பின் எடையை பிரஷின் மேல் சாய்த்து, ரோமம் போகிற போக்கில் நீளமாக இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை பிரஷை இரும்புச் சீப்பில் உரசி, இரும்புச் சீப்பைத் தரையில் தட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். ஜெர்மன் குதிரைப்படையில் இந்தக் கோடுகளை எண்ணித்தான் வீரன் வேலை செய்தானா என்று பார்ப்பார்களாம். நல்லா தேய்க்கும் நாளில் எங்கள் லாயத் தரையிலும் கோடு கோடாகக் கிடக்கும். அவ்வளவு தூசியும் ரோமத்துக்கு அடியில், எண்ணெய் சுரக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. இதன் மேல்தான் நாம் தேங்காயெண்ணெயை ஊற்றுகிறோம்.

நேரம் இருந்தால் ஈரமான வைக்கோலைப் பிரியாக முறுக்கி உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி, கழுத்து, தோள், தொடைச் சதைகளில் தட்டித் தட்டி இழுப்பேன். செவலை அப்போது கீழுதட்டைத் தொங்கவிட்டுக் கண்ணைப் பாதி மூடிவிடுவாள். இதில் இன்னொரு லாபம் உண்டு, கை தினமும் உடம்பு முழுக்கப் போவதால் சின்ன வீக்கம், சூடு, உண்ணி, சேணம் உரசிய இடம் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தினம் ஷாம்பு வேண்டாம், இயற்கையான எண்ணெய் எல்லாம் போய்விடும். ஆனால் வியர்வையைக் காயவிடவும் கூடாது. குதிரையின் வியர்வையில் நுரைக்கிற ஒரு புரதமும் நிறைய உப்பும் இருக்கின்றன, காய்ந்தால் ரோமம் விறைத்து, வெயிலில் நிறமும் வெளுக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, வழித்துவிட்டு, நிழலில் கட்டினால் போதும். ஒரு குதிரையின் பிரஷை இன்னொன்றுக்குப் போடக்கூடாது, படர்தாமரை அப்படித்தான் பரவுகிறது, மனிதர்களுக்கும் வரும். மழைக்காலத்தில் பிடரியையும் வாலையும் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டால் அது கொசுவைவிடச் சின்னப் பூச்சியின் கடி. அந்த இடத்துக்கு மட்டும் வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து போடுவதை நான் எதிர்க்க மாட்டேன். அது பூச்சியை விரட்டுவதற்கு, பளபளப்புக்கு இல்லை.

தீனியும் பல்லும் தேய்ப்பும் சரியாக இருந்தும் மேனி மங்கலாகவே இருந்தால் குடற்புழுவைப் பார்க்க வேண்டும். குத்துமதிப்பாக மாதா மாதம் மருந்து ஊற்றாமல், லத்தி மாதிரியை மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்டபடி கொடுத்துக் கொடுத்துப் புழுக்கள் மருந்துக்கு அசையாமல் போய்விட்டன. பதினைந்து வயது தாண்டிய குதிரை சித்திரை வெயிலிலும் நீளமான, சுருண்ட ரோமத்தை உதிர்க்காமல் நின்றால் அது மூளையடிச் சுரப்பிக் கோளாறு. பெர்கோலைடு என்ற மருந்து இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மற்றதெல்லாம் நனைந்து நிற்கும்போது இது மட்டும் காய்ந்த தோலோடு மூக்கை விரித்து மூச்சு வாங்கும், முகத்தில் ரோமம் கொட்டும். இங்கிலாந்திலிருந்து வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோன குதிரைகளில்தான் இதை முதலில் கவனித்தார்கள். அந்தக் குதிரையை வெயிலில் வேலை வாங்கினால் செத்துப்போகலாம்.

அடுத்த வாரம் ஊர்வலம், இப்போது என்ன செய்யலாம் என்று ஆடி, தை மாதங்களில் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு வாரத்தில் சத்து ஏற்ற முடியாது. தூசி எடுக்க முடியும். முதல் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு ஒரே ஒரு தடவை, சோப்பு துளிகூட மிச்சமில்லாமல் அலசி நிழலில் காயவிடுங்கள். அதற்கப்புறம் தினம் காலை மாலை மேலே சொன்னபடி ரப்பர் சீப்பும் இரண்டு பிரஷும். தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள், ஊர்வலத்தன்று வயிற்றுவலியோடு நிற்கும். பிடரியை விரலால் கோதிச் சிக்கெடுங்கள், சீப்பால் பிய்க்க வேண்டாம். புறப்படும்போது பிழிந்த ஈரத்துணியால் முதுகு முழுக்க ரோமத்தின் போக்கில் துடைத்தால் இருக்கிற மினுமினுப்பு எல்லாம் மேலே வரும். மேளம் முடிந்து திரும்பியதும் முதலில் தண்ணீர் காட்டுங்கள், சேணத்தை இறக்கி வியர்வையைக் கழுவுங்கள். அன்றைக்கு விழும் லத்தியையும் ஒரு தடவை பிட்டுப் பாருங்கள்.